மேல் அலகைத் தேர்ந்தெடுக்கவும்

நாடு ஒன்று. அதில் சிக்கல் இல்லை.
அதன் கீழ் மாகாணம். மாகாணத்தின் கீழ் நகராட்சி.
அதற்கும் கீழே வெரேதா:
மலைமடிப்பில் முப்பது வீடும் ஒரு பள்ளிக்கூடமும்
சேர்ந்து கிடந்தால் கொலம்பியாவில் அதற்கு அந்தப் பெயர்.
பெயரில்லாத இடத்தை இந்த மென்பொருள் ஏற்காது.
மேலே ஆளில்லாத இடத்தையும் ஏற்காது.

மூன்று வாரமாக இதுதான் என் வேலை.
பழைய பதிவேட்டின் ஊர்களைப் புதிய கிளைகளில்
ஒவ்வொன்றாக உட்கார வைக்கிறேன்.
எட்டு இலக்கக் குறியீடு.
முதல் இரண்டு மாகாணத்துக்கு,
அடுத்த மூன்று நகராட்சிக்கு,
மிச்சம் மூன்றுக்குள்
ஒரு சரிவு, அதன் மூடுபனி, அதன் நாய்கள்.

வியாழக்கிழமை கணக்கு உதைத்தது.
மாகாணத்தில் அபாயப் பகுதிகள் நானூற்றுப் பன்னிரண்டு.
நகராட்சிகளைக் கூட்டினால் நானூற்றுப் பதினொன்று.
"ஒன்றுதானே, லெய்தி, விடு"
என்றான் வில்மார், கோப்பையைக் கழுவிக்கொண்டே.
ஒன்றுதான்.
சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி விட்டிருக்கிறது.
அதைத்தான் எவனோ மண்ணுக்கடியில் வைத்தும் இருக்கிறான்.

இரவு ஒன்பதரைக்கு அகப்பட்டது.
பரப்பு: ஆறாயிரத்து நூறு சதுர மீட்டர்.
நிலை: உறுதி செய்யப்பட்டது.
விபத்து: ஒன்று, விலங்கு.
மேல் அலகு:
அங்கே ஒரு சிறு கோடு மட்டும்.

எல்லை என்று இரு நகராட்சிக்கும் நடுவே ஒரு ஓடை.
மண்சரிவு வந்த ஆண்டு ஓடை இடம் மாறிவிட்டது.
சாண்டா எடுவிஹெஸின் வரைபடம்
பழைய தடத்தோடு நின்றுகொண்டது.
புவெர்த்தோ லார்கோ புதிய தண்ணீரோடு நின்றது.
நடுவில் கிடந்த துண்டை
இருவருமே எழுதவில்லை.
இரண்டு பக்கமும் பூஜ்ஜியம்.
பூஜ்ஜியத்துக்குப் பச்சை நிறம் வைத்தது
நான்தான்.

மறுநாள் யூபெர்னி அங்கே போனான்.
ஏழு மணிநேரம், கடைசி இரண்டு நடை.
ஒப்தூலியா என்ற அம்மாளிடம் கேட்டிருக்கிறான்,
நீங்கள் எந்த நகராட்சி?
"ஞானஸ்நானம் சாண்டா எடுவிஹெஸில்.
ஓட்டு புவெர்த்தோ லார்கோவில்.
காபிக்கு எவன் நாலு பெசோ கூடத் தருகிறானோ அவனிடம்.
என் கோவேறு கழுதை சிதறிப்போன அன்றைக்கு
ரெண்டு பேருமே வரவில்லை, தம்பி.
அதையும் எழுதிக்கொள்."

அதை எழுத ஒரு கட்டம் இல்லை.
இரண்டு மேல் அலகு வைக்கவும் வழி இல்லை.
கீழிறங்கும் பட்டியல் திறந்தபடி நின்றது,
ஒன்றைத் தொடு என்று துடித்துக்கொண்டு.
சட்டம் தெரிந்தவர்கள் தீர்க்க
இன்னும் நாலு வருடம் ஆகும்.
நான் பார்த்தது ஒன்றைத்தான்:
எந்த ஆஸ்பத்திரி பக்கம்?
அங்கே ஐந்து மணிநேரம். இங்கே மூன்று.
சாண்டா எடுவிஹெஸைத் தொட்டேன்.

பெயர் கேட்டது.
பழைய தாளில் 'பெயரற்ற பிரிவு, வடக்கு' என்று இருந்தது.
அதையே அடித்தேன். கீழே
'வேறு பெயர்' என்ற கட்டத்தில்
அந்த வீட்டுக்காரர்கள் சொல்வதை இட்டேன்:
கழுதை செத்த மேடு.
சேமி.

நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றுப் பன்னிரண்டு.
வரைபடத்தில் ஒரு பச்சை
கண்ணெதிரே சிவந்தது.
இதற்குப் போய் மகிழ்கிறேனே என்று
எனக்கே கூச்சமாக இருந்தது.

திங்கள் காலை மேயர் அலுவலகத்திலிருந்து அழைப்பு.
"போன மாதம்தான், செஞ்ஞோரா,
கண்ணிவெடி இல்லாத நகராட்சி என்று விழா எடுத்தோம்.
பேண்டு வாத்தியம், பலூன், பள்ளிப் பிள்ளைகள்.
இது எங்கிருந்து வந்தது?"

எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயேதான் இருந்தது
என்று சொல்ல வாய் வந்தது.
"எழுதிக்கொள்கிறீர்களா?" என்றேன்.
எட்டு இலக்கத்தையும்
ஒவ்வொன்றாக,
நடுவில் அவர் பேனா தேடும் வரை காத்திருந்து,
வாசித்தேன்.